கற்பனைத் தீவுகளுக்குப் பெயரிடும் மரபு: இணைய விளையாட்டு உலகங்களும் பழவேற்காட்டு ஏரியூர்ப் பெயர்களும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி, கைப்பேசி விளையாட்டுகளில் வரும் கற்பனைத் தீவுகளும் அவற்றின் ஊர்களும் பெயர்பெறும் முறைகளை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்திற்கு உட்பட்ட பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களின் பெயர்கள் இத்திறனாய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. ஊர்ப்பெயரின் நம்பகத்தன்மை அதன் ஓசையையோ ஒரே மொழிச்சார்பையோ பொறுத்ததன்று. பெயரின் பொதுக்கூறு அவ்வூர் மக்களின் வாழ்முறையைச் சுட்டுகிறதா என்பதையே பொறுத்தது என்பது கட்டுரையின் கருத்தாகும். மணிமேகலையின் மணிபல்லவமும் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றுப் புதினங்களின் தீவுகளும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இடப்பெயராய்வு, பொதுக்கூறு, சிறப்புக்கூறு, பழவேற்காடு, குப்பம், விளையாட்டு உலகம், மணிபல்லவம்.

முன்னுரை

தமிழில் இடப்பெயராய்வு நெடிய மரபுடையது. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' நிலம், நாடு, படை, குலம், தெய்வம் என்னும் அடிப்படைகளில் தமிழக ஊர்ப்பெயர்களை வகைப்படுத்திக் காட்டியது. கி. நாச்சிமுத்து முதலியோரின் ஆய்வுகள் மொழியியல் நோக்கில் இத்துறையை மேலும் வளர்த்தன. இவை அனைத்தும் மண்ணில் உள்ள ஊர்களைப் பற்றியவை. மண்ணில் இல்லாத ஊர்களின் பெயர்கள் இலக்கிய ஆய்வில் அவ்வப்போது தொட்டுச் செல்லப்பட்டனவே அன்றித் தனிப்பொருளாக ஆராயப்பட்டமை குறைவு.

இன்று அத்தகைய ஊர்கள் பெருகிவிட்டன. இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி கைப்பேசி விளையாட்டைத் தடைசெய்தது. 2021 சூலையில் அது வேறு பெயரில் மீண்டும் வந்தபோது அதன் 'எராங்கல்' தீவும் உடன் வந்தது. அத்தீவின் 'போச்சின்கி' என்னும் ஊர்ப்பெயர் தமிழ்நாட்டு இளைஞர் பேச்சில் புழங்கும் சொல்லாகியுள்ளது. ஓர் ஊரின் பெயரை அறிவது அவ்வூரைப் பற்றி எதையேனும் அறிவதாகும் என்பது இடப்பெயராய்வின் தொடக்கக் கொள்கை. போச்சின்கியின் பெயரை அறிந்தவர் அவ்வூரைப் பற்றி எதை அறிகிறார் என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

அளவுகோலாகப் பழவேற்காட்டு ஏரி தேர்ந்துகொள்ளப்பட்டமைக்குக் காரணம் உண்டு. சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. தமிழ்நாடு, ஆந்திரம் என்னும் இரு மாநிலங்களில் பரந்துள்ளது. ஏரிக்குள் தீவுகளும், ஏரியையும் கடலையும் பிரிக்கும் நீண்ட மணல்திட்டுகளும், அவற்றின்மேல் மீனவர் ஊர்களும் உள்ளன. தமிழும் தெலுங்கும் உருதும் ஐரோப்பிய மொழிகளும் இங்குள்ள பெயர்களில் தடம் பதித்துள்ளன. விளையாட்டு வடிவமைப்பாளர் ஒருவர் கற்பனையில் உருவாக்க விழையும் பல்தீவு உலகம் இங்கு இயல்பாகவே அமைந்துள்ளது.

1. விளையாட்டுத் தீவுகளின் பெயரிடு முறைகள்

விளையாட்டு உலகங்களில் காணப்படும் பெயரிடு முறைகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, வடிவப்பெயர். 2002இல் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: தி விண்ட் வேக்கர்' விளையாட்டின் பெருங்கடல், ஏழுக்கு ஏழு என 49 கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, கட்டத்திற்கு ஒரு தீவு அல்லது தீவுக்கூட்டம் என அமைந்தது. பிறைநிலாத் தீவு, குதிரை லாடத் தீவு, ஊசிப்பாறைத் தீவு எனப் பொருள்படும் பெயர்கள் அங்கு உள்ளன. பிறையும் லாடமும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கே புலப்படும் வடிவங்கள். படகிலிருந்து காண்பவனுக்கு ஒரு தீவு பிறையாகத் தோன்றுவதில்லை, கரையாகவே தோன்றும். எனவே இப்பெயர்கள் கடலோடியின் பார்வையில் பிறந்தவையல்ல. வரைபடத்தைப் பார்ப்பவரின் பார்வையில் பிறந்தவை. எனினும் இவ்விளையாட்டில் குறிப்பிடத்தக்க ஒரு நுட்பம் உண்டு. ஆட்டக்காரரின் கடல் வரைபடம் தொடக்கத்தில் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வாழும் மீன் ஒன்றுக்கு இரை அளித்தால் அது தீவை வரைந்து தரும். நீரில் வாழும் உயிரிடமிருந்தே நிலத்தின் வடிவை அறியவேண்டும் என்னும் எண்ணம் இங்குச் செயற்படுகிறது. பெயரிடலில் எட்டாத உண்மையை விளையாட்டின் விதி எட்டியுள்ளது.

இரண்டாவது, எண்பெயர். 2004இல் வெளிவந்த போக்கிமான் 'ஃபயர்ரெட்', 'லீஃப்கிரீன்' விளையாட்டுகளில் வரும் செவி தீவுக்கூட்டத்தின் தீவுகள் ஒன்றாம் தீவு முதல் ஏழாம் தீவு வரை எண்ணால் பெயர்பெற்றவை. தீவின் பெயரே ஊரின் பெயரும் ஆகும். தீவும் ஊரும் ஒன்றாகிவிடும் இவ்வியல்பு விளையாட்டுகளில் பரவலாகக் காணப்படுவது. ஒரு தீவுக்கு ஓர் ஊர் போதும் என்னும் சிக்கனமே இதன் காரணம்.

மூன்றாவது, ஒரே மொழியிலிருந்து பெறப்பட்ட பெயர்கள். எராங்கல் இதற்குச் சான்று. தீவின் பெயர் வடிவமைப்பாளர் பிரெண்டன் கிரீனுடைய மகளின் பெயரைத் தழுவியது. ஆனால் தீவிலுள்ள ஊர்களின் பெயர்கள் ரஷ்ய மொழியைச் சார்ந்தவை: போச்சின்கி, செவெர்னி, பிரிமோர்ஸ்க், லிபோவ்கா, சொஸ்னோவ்கா, யாஸ்னயா பொல்யானா. இவற்றுள் இறுதியில் உள்ளது தல்ஸ்தோய் பிறந்து வாழ்ந்த பண்ணையின் பெயர். கருங்கடல் தீவு ஒன்றில் வைக்கப்பட்டுள்ளது. செவெர்னி என்பது 'வடக்கத்தியது' எனப் பொருள்படும்; அவ்வூர் தீவின் வடபகுதியிலேயே உள்ளது. பிரிமோர்ஸ்க் 'கடலோரத்தது', அது கடலோரத்தில் உள்ளது.

நான்காவது, பன்மொழிக் கலவைப் பெயர்கள். 'ஃப்ரீ ஃபயர்' விளையாட்டின் 'பெர்முடா' தீவில் பிமசக்தி, கதுலிஸ்திவா என்னும் இந்தோனேசியப் பெயர்களும், ரிம் நாம் என்னும் தாய்லாந்துப் பெயரும், போச்சினோக் என்னும் ரஷ்யப் பெயரும், கேப் டவுன் என்னும் தென்னாப்பிரிக்க நகரப் பெயரும், கடிகாரக் கோபுரம், ஆலை, சிகரம் எனப் பொருள்படும் ஆங்கிலப் பொதுப்பெயர்களும் அருகருகே உள்ளன. தீவின் பெயரோ அட்லாண்டிக் பெருங்கடலில் உண்மையாகவே உள்ள தீவுகளுடையது.

மூன்றாம் முறை பொருந்துவது என்றும் நான்காம் முறை பொருந்தாதது என்றும் மதிப்பிடுவது எளிது. ஒரே மொழிச்சார்பு நம்பகத்தன்மையைத் தரும், கலவை அதனைக் கெடுக்கும் என்பது கற்பனை உலகங்களைப் படைப்போரிடையே பொதுவிதிபோல் நிலவும் கருத்து. பழவேற்காட்டுச் சான்றுகள் இவ்விதியை மறுக்கின்றன.

2. பழவேற்காட்டு ஏரியூர்ப் பெயர்கள்

பழவேற்காடு என்னும் பெயரையே முதலில் நோக்கலாம். வேல மரங்கள் நிறைந்த பழைய காடு என்பது பெரும்பாலோர் கொள்ளும் பொருள். வேர்க்காடு எனக் கொண்டு நீரோரத் தாவரங்களின் வேர்களோடு இயைப்பாரும் உளர். சென்னைக்கு மேற்கேயுள்ள திருவேற்காட்டுடன் ஒப்பிட்டால் 'வேற்காடு' என்பது இருபெயர்க்கும் பொதுவாய், 'திரு', 'பழ' என்னும் அடைகள் வேறுபடுத்துவனவாய் அமைவதைக் காணலாம். ஏரிக்குத் தெலுங்கில் 'பிரளய காவேரி' என்ற பழம்பெயரும் உண்டு. ச. வெம். ரமேசின் 'பிரளயகாவேரி கதலு' என்னும் தெலுங்குக் கதைத்தொகுதி அப்பெயரையே தலைப்பாகக் கொண்டது. ஒரே நீர்ப்பரப்பை ஒரு மொழியினர் காட்டின் பெயராலும் மற்றொரு மொழியினர் பெருவெள்ளத்தின் பெயராலும் அழைத்துள்ளனர்.

ஏரியைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்களை அவற்றின் பொதுக்கூறு நோக்கிப் பின்வருமாறு தொகுக்கலாம்.

குப்பம்: கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், வைரவன்குப்பம், சாத்தாங்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம்.
பள்ளி: காட்டுப்பள்ளி.
சேரி: அண்ணாமலைச்சேரி.
வாக்கம்: அவுரிவாக்கம்.
ரேவு: தோணிரேவு.
ஆபாத்: ஜமீலாபாத்.
நாடு: ஆந்திரப் பகுதியிலுள்ள வேநாடு, பேர்நாடு என்னும் தீவுகள்.

இவற்றோடு தாங்கல் பெரும்புலம், கரிமணல், கருங்காலி முதலிய பெயர்கள் நிலம், மண், மரம் ஆகியவற்றால் அமைந்தன.

மொழிக்கலவை என்னும் நோக்கில் இப்பட்டியல் பெர்முடாத் தீவுக்குச் சற்றும் குறைந்ததன்று. 'ரேவு' தெலுங்கு வழக்கில் படகுத்துறையைக் குறிப்பது. தோணியோடு சேர்ந்து இருமொழிக் கூட்டுப்பெயராகியுள்ளது. 'ஆபாத்' பாரசீகத்திலிருந்து உருது வழி வந்தது. 'லைட்ஹவுஸ்' ஆங்கிலம். இத்தனையும் சில கல் தொலைவுக்குள் அமைந்தும் எந்தப் பெயரும் அயன்மையாகத் தோன்றவில்லை. இதன் காரணம் பொதுக்கூற்றில் உள்ளது.

குப்பம் என்பது கடற்கரை மீனவர் குடியிருப்பைச் சுட்டும் சொல். அதன்முன் வரும் சிறப்புக்கூறு எம்மொழியினதாயினும் 'குப்பம்' அதனை ஏற்று வீட்டுச்சொல்லாக்கிவிடுகிறது. கலங்கரை விளக்கம் அமைக்கப்பட்டபோது அதன் ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு பின்னால் குப்பத்தைச் சேர்த்துக்கொண்டனர். வைரவன், சாத்தன், அரங்கன் என்பன ஆட்பெயராகவும் தெய்வப்பெயராகவும் வழங்கக்கூடியவை. கோரை ஒரு புல். விளக்கும் தெய்வமும் புல்லும் ஒரே இலக்கண வரிசையில் நிற்க இடமளிப்பது அப்பொதுக்கூறே.

கோட்டைக்குப்பம் என்னும் பெயர் இவ்வகையில் சிறப்பாகக் கருதத்தக்கது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் எழுப்பிய கோட்டைக்குக் 'கெல்திரியா' என்று பெயர். நெதர்லாந்தின் கெல்தர்லாந்து மாநிலத்தை நினைவூட்டும் பெயர் அது. சோழமண்டலக் கடற்கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக நெடுங்காலம் விளங்கிய அக்கோட்டையின் பெயர் இன்று வரலாற்று நூல்களில் மட்டுமே உள்ளது. 1825இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் மாறியது. கோட்டையும் அழிந்தது. 'கோட்டைக்குப்பம்' மட்டும் நிலைத்தது. கோட்டையைக் கட்டியவர் இட்ட பெயர் கட்டியவரின் ஊரை நினைத்தது. கோட்டையருகே வலை உலர்த்தியவர் இட்ட பெயர் தம் குடியிருப்பு எங்குள்ளது என்பதைச் சொன்னது. பின்னதே பிழைத்தது.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்கும் தம் நகரப் பெயர்களையே இட்டனர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. அனலைதீவு ராட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. இவற்றுள் டெல்ஃப்ட் ஒன்றே ஆங்கில வழக்கில் இன்றளவும் நிற்கிறது. தமிழர் நாவில் அதுவும் நெடுந்தீவே. உண்மையான தீவுகளை வெற்று வரைபடமாகக் கருதிப் பெயரிட்ட நிகழ்வு இது. விளையாட்டு வடிவமைப்பாளர் யாஸ்னயா பொல்யானாவைக் கடல் நடுவே வைப்பதற்கும் இதற்கும் செயல்முறையில் வேறுபாடு இல்லை. விளைவில் வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத் தீவுகளில் மறுப்பதற்கு மக்கள் இருந்தனர்.

3. 'தீவு' என்னும் சொல் இல்லாத தீவுகள்

மேற்கண்ட பழவேற்காட்டுப் பட்டியலில் 'தீவு' என்று முடியும் பெயர் ஒன்றுமில்லை என்பது கவனத்திற்குரியது. நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, மண்டைதீவு எனத் தீவு என்னும் பொதுக்கூறு யாழ்ப்பாணத்தில் வரிசையாக வருவதோடு ஒப்பிட்டால் இது வியப்பளிக்கும். வேநாடும் பேர்நாடும் நீர்சூழ்ந்தவையாயினும் 'நாடு' எனப்பட்டன. காட்டுப்பள்ளி ஆறும் கால்வாயும் கடலும் சூழ்ந்த நிலமாயினும் 'பள்ளி' எனப்பட்டது.

இதற்கு ஏரியின் இயல்பு ஒரு காரணமாகலாம். பழவேற்காட்டு ஏரி ஆழமற்றது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதன் நீர்ப்பரப்பு ஓதம் தாழ்ந்த நிலையில் சுமார் 250 சதுர கிலோமீட்டராகவும் உயர்ந்த நிலையில் சுமார் 450 சதுர கிலோமீட்டராகவும் மாறுவது. முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் மீண்டும் திறப்பதும் உண்டு. ஒரு பருவத்தில் நீர்சூழ்ந்த நிலம் மறுபருவத்தில் சேற்றுவழியே கரையோடு சேரும். இத்தகைய இடத்தில் 'தீவு' என்பது நிலையான அடையாளமாகாது. மேலும், தீவு என்பது அப்பாலிருந்து பார்ப்பவரின் சொல். நீரே பாதையாக வாழ்பவருக்கு நீர்சூழ்ந்திருத்தல் பெயராகும் அளவுக்குப் புதுமையானதன்று. யாழ்ப்பாணக் காரைதீவு இருபதாம் நூற்றாண்டில் காரைநகர் எனப் பெயர்மாறியமையும் இங்கு எண்ணத்தக்கது: தம்மைத் தீவார் எனக் காண்பதினும் நகரத்தார் எனக் காண்பதை அவ்வூரார் விரும்பினர்.

விளையாட்டுகளில் நிலை நேரெதிரானது. எராங்கலில் ஆட்டக்காரர் விமானத்திலிருந்து குதிக்கிறார். தீவு முழுவதும் முதலில் கண்ணில் படுகிறது. ஊர் பிறகே வருகிறது. வந்திறங்குபவரின் பார்வை தீவுப்பெயரைத் தலைமையாக்குகிறது. பழவேற்காட்டுப் பெயர்கள் புறப்பட்டுச் சென்று மீள்பவரின் பெயர்கள். நடுக்குப்பம் என்னும் பெயர் இருபுறமும் அண்டை ஊர்கள் இருப்பதை முன்கொண்டே பொருள் தருவது. ஒன்றாம் தீவு முதல் ஏழாம் தீவு வரையிலான எண்களும் தொடர்பைக் காட்டுவனவே. ஆயின் அத்தொடர்பு தீவுகளை அடுக்கும் வரிசையைப் பற்றியது. ஊர்கள் தம்முள் கொண்ட உறவைப் பற்றியதன்று.

4. இலக்கியத் தீவுகள்: மணிபல்லவம் முதல் அக்ஷயமுனை வரை

கற்பனைத் தீவுக்குப் பெயரிடல் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் மணிபல்லவம் புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் உள்ளதாகச் சொல்லப்படுவது. அதனை நயினாதீவோடும் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் துறைகளோடும் இணைத்து ஆய்வாளர் விவாதித்துள்ளனர். பெயரிடு மரபு என்ற நோக்கில் அவ்விவாதத்தைவிட முதன்மையானது ஒன்றுண்டு: மணிபல்லவத்தில் ஊர் இல்லை. புத்த பீடிகையும் கோமுகிப் பொய்கையும் காவல்புரியும் தீவதிலகையும் மட்டுமே உள்ளனர். குடிகள் இல்லாத இடத்தில் காப்பியப் புலவர் ஊர்ப்பெயரை உருவாக்கவில்லை. அங்குள்ள பெயர்கள் நிகழ்வுகளைத் தாங்குவன. அமுதசுரபி வெளிப்படுவதால் கோமுகிக்குப் பெயர் வேண்டியிருந்தது. மாறாக, அரசும் குடியும் உள்ள சாவகத்திற்கு நாகபுரம் என்னும் நகரப்பெயர் தரப்படுகிறது. குடி இருந்தால் ஊர்ப்பெயர், நிகழ்வு இருந்தால் இடப்பெயர் என்னும் ஒழுங்கு இங்குப் புலப்படுகிறது.

எராங்கல் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகிறது. அது கைவிடப்பட்ட தீவு, குடிகள் இல்லை. ஆயினும் ஊர்ப்பெயர்கள் நிறைந்துள்ளன. ஆட்டத்தின் நிகழ்வுகள் அனைத்தும் பெயரில்லாத குடிகளின் பெயருள்ள ஊர்களில் நடக்கின்றன. இதனைக் குறையென்று மட்டும் கொள்ளல் பொருந்தாது. குடியிழந்த ஊர்களில் பெயர் மட்டும் நிற்பதால் உண்டாகும் வெறுமையே அவ்விளையாட்டின் சூழலுணர்வுக்கு அடிப்படை. பெயர்களின் ஈறுகள் அதற்குத் துணைசெய்கின்றன. லிபோவ்கா, சொஸ்னோவ்கா என்பவற்றில் முறையே லிண்டன் மரமும் பைன் மரமும் உள்ளன. '-ஓவ்கா' என்பது ரஷ்யச் சிற்றூர்களுக்கு இயல்பான ஈறு. போச்சின்கி என்பதற்கு மூலமான 'போச்சினோக்' காடழித்து அமைத்த புதுக்குடியிருப்பைக் குறிக்கும் சொல். காட்டுப்பள்ளி என்னும் பெயரிலும் காடும் குடியிருப்பும் இணைந்துள்ளமை ஒப்பிடத்தக்கது. எராங்கல் நம்பகமாகத் தோன்றுவதற்குக் காரணம் அது ஒரே மொழியைக் கொண்டிருப்பது மட்டுமன்று. அம்மொழியின் பொதுக்கூறுகள் அங்கு உயிரோடு உள்ளன. பெர்முடாவில் போச்சினோக்கும் ரிம் நாமும் அருகருகே இருந்தும் அவற்றை ஏற்று இணைக்கும் 'குப்பம்' போன்ற சொல் இல்லை. கலவை அங்குக் குற்றமன்று. கலந்தவற்றைப் பிணைக்கும் கூறு இல்லாமையே குற்றம்.

இருபதாம் நூற்றாண்டு வரலாற்றுப் புதினங்கள் வேறொரு வழியைக் கையாண்டன. கல்கி 'பொன்னியின் செல்வ'னில் கோடிக்கரைக்கும் இலங்கைக்கும் இடையே பூதத்தீவை வைத்தார். சாண்டில்யன் 'கடல் புறா'வில் கடாரம், ஸ்ரீவிஜயம் என்னும் வரலாற்றுப் பெயர்களோடு அக்ஷயமுனையைச் சேர்த்தார். மெய்க்கீர்த்திகளால் அறியப்பட்ட பெயர்களின் நடுவே புனைவுப்பெயரை வைத்து அவற்றின் நம்பகத்தன்மையை இதற்கும் கடனாகப் பெறும் உத்தி இது. 'முனை' என்னும் பொதுக்கூறும் கடலோடிகளின் சொல்லாகையால் அக்ஷயமுனை எளிதில் பொருந்தியது. சிறப்புக்கூறு வடமொழி, பொதுக்கூறு தமிழ், பொருத்தம் பொதுக்கூற்றால் வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தின் இலக்கணமே இங்கும் செயற்படுகிறது.

5. பெயரும் உரிமையும்

விளையாட்டில் ஊர்ப்பெயர் வழிகாட்டும் குறி. பழவேற்காட்டில் அது உரிமையின் அலகுமாகும். ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறையில் யார் எந்நாளில் எங்கு வலையிடலாம் என்பது ஊரின் வழியே தீர்மானிக்கப்படுகிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையோடு வரலாற்று வழியில் பிணைந்தவை. அங்கு இன்ன குப்பத்தார் என்பது இன்ன நீரில் பங்குடையார் என்றும் பொருள்படும். பெயர் மறைந்தால் மறைவது ஓசை மட்டுமன்று.

ஆகவே இப்பகுதியின் பெயர்கள் வெளியாரின் வரைபடங்களில் எவ்வாறு மாறுகின்றன என்பதும் இவ்வாய்வின் எல்லைக்குள் வருகிறது. 2010இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடைய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் காட்டுப்பள்ளியில் உள்ளது. ஆனால் அது பரவலாக அறியப்படுவது மீஞ்சூர் நிலையம் என்றே. மீஞ்சூர் தொடர்வண்டி நிலையமும் ஒன்றியத் தலைமையும் உடைய ஊர். வடகாஞ்சி என்னும் சிறப்புப்பெயரும் உடையது. நகரத்தார் அறிந்த பெயர் கடற்கரையின் பெயரை மறைத்துவிட்டது. காட்டுப்பள்ளி என்னும் பெயரோ இன்று பெரும்பாலும் துறைமுகத்தின் பெயராகவே செய்திகளில் வருகிறது. அத்துறைமுகத்தின் விரிவாக்கத் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர் எதிர்த்தபோது, ஒரே பெயர் ஒருசாரார்க்குத் திட்டத்தையும் மறுசாரார்க்கு நிலத்தையும் குறித்தது. லைட்ஹவுஸ் குப்பத்தை உள்ளடக்கிய ஊராட்சியின் பெயர் 'லைட் ஹவுஸ்' என்றே பதிவாகியுள்ளது. வீட்டுச்சொல்லாக்கிய பொதுக்கூறு ஏட்டில் உதிர்ந்து அயற்சொல் மட்டும் எஞ்சியுள்ளது.

ஸ்ரீஹரிக்கோட்டையின் நிலை இவ்வகையில் உச்சமானது. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அத்தீவில் 1971 முதல் விண்வெளி ஏவுதளம் இயங்குகிறது. 2002இல் அந்நிலையம் சதீஷ் தவானின் பெயரைப் பெற்றது. தீவின் பெயர் உலகறிந்ததாயிற்று. ஏவுதளத்திற்காக அகற்றப்பட்ட குடியிருப்புகளின் பெயர்கள் உலகறியாதனவாயின. ஊர்ப்பெயர்கள் நீங்கித் தீவுப்பெயர் மட்டும் எஞ்சும்போது உண்மையான நிலப்பரப்பும் வந்திறங்குபவரின் வரைபடத்தை ஒத்துவிடுகிறது.

6. எதிர்க்கருத்தும் மதிப்பீடும்

விளையாட்டுப் பெயர்களை இவ்வாறு உண்மை ஊர்களோடு ஒப்பிடுவது முறையாகுமா என்னும் எதிர்க்கருத்து எழக்கூடும். விளையாட்டின் பெயர் நொடியில் உச்சரிக்கப்படவேண்டும். பல நாட்டார் நாவிலும் பொருந்தவேண்டும். தோழனுக்கு இடத்தைச் சுட்டுவதே அதன் பணி. எராங்கல் வரைபடத்திலேயே பள்ளிக்கூடம், மருத்துவமனை, சிறை எனப் பொருள்படும் பொதுப்பெயர்கள் ஊர்ப்பெயர்களோடு கலந்திருப்பது இத்தேவையால்தான். சன்ஹோக் என்னும் மற்றொரு தீவின் பெயர் தாய் மொழியில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லையும் பிலிப்பினோ மொழியில் கோழியைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்து உருவானது. வென்றவர்க்குக் கோழி விருந்து என்னும் அவ்விளையாட்டின் நகைச்சுவையை அறிந்தோர் அதை ரசிப்பர்.

இக்கருத்தில் உண்மை உண்டு. எனினும் சுருக்கமும் பொருளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. கருங்காலி, கரிமணல், தோணிரேவு ஆகியன போச்சின்கியைவிட நெடியன அல்ல. பணி நோக்கிய பெயர்களே ஊர்ப்பெயர்களின் தொடக்கம் என்பதையும் மறுக்கவியலாது. லைட்ஹவுஸ் குப்பமும் ஒருகாலத்தில், 'அந்த விளக்கு நிற்கும் இடம்' என்னும் சுட்டாகவே இருந்திருக்கும். வேறுபாடு அதன்பின் நிகழ்வது. சுட்டு குடியிருப்புச் சொல்லைப் பெறும்போது ஊராகிறது. விளையாட்டின் 'மருத்துவமனை' அந்நிலையை எய்துவதில்லை. எய்தவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. ஆயின் வாழும் உலகத்தைக் காட்டுவதாக உரிமை கோரும் விளையாட்டுக்கு அக்கட்டாயம் உண்டு.

தமிழ்க் கதைச்சூழலில் விளையாட்டு உலகங்களை உருவாக்க முனைவோர்க்கு இதிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. பழந்தமிழ்ச் சொற்களை ஓசைக்காகத் தேர்ந்து தீவுகளின்மேல் ஒட்டுவது ஒல்லாந்தர் செய்த செயலின் மறுவடிவமே. அத்தீவில் வாழ்வோர் நெல் விளைப்பவரா, வலை வீசுபவரா, உப்பு எடுப்பவரா என்பதை முதலில் தீர்மானித்து அதற்குரிய பொதுக்கூற்றை அமைத்துக்கொண்டால், சிறப்புக்கூறு எம்மொழியிலிருந்து வந்தாலும் பெயர் வேர்பிடிக்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. விளையாட்டு உலகத் தீவுப்பெயர்கள் வடிவம், எண், ஒருமொழிச்சார்பு, பன்மொழிக் கலவை என்னும் நால்வகையில் அமைகின்றன. இவற்றுள் வடிவமும் எண்ணும் வெளியிலிருந்து காண்பவரின் நோக்கில் பிறந்தவை.

2. பழவேற்காட்டு ஏரியூர்ப் பெயர்கள் பன்மொழிக் கலவையாயிருந்தும் ஒருமைப்பாடு உடையன. குப்பம் முதலிய பொதுக்கூறுகளே அவ்வொருமைப்பாட்டைத் தருகின்றன. எனவே கலவை நம்பகத்தன்மையைக் கெடுக்கும் என்னும் பொதுவிதி ஏற்புடையதன்று.

3. இவ்வூர்ப்பெயர்களில் 'தீவு' என்னும் ஈறு இடம்பெறாமை, நீரைத் தடையாகக் கருதாது வழியாகக் கொண்டு வாழ்ந்தவர்களின் நோக்கினைக் காட்டுகிறது.

4. மணிமேகலை, குடியுள்ள இடத்திற்கே ஊர்ப்பெயர் தரும் ஒழுங்கைப் பேணுகிறது. எராங்கல் அதனை மாற்றிக் குடியற்ற ஊர்ப்பெயர்களால் வெறுமையுணர்வைப் படைக்கிறது. இரண்டும் தத்தம் நோக்கில் முறையானவை. பெர்முடா இவ்விரண்டில் எதனையும் சாரவில்லை.

5. கெல்திரியா மறைந்து கோட்டைக்குப்பம் நின்றது. இன்று வரைபடங்களிலும் ஏடுகளிலும் 'குப்பம்' உதிர்ந்து நிலையமும் துறைமுகமும் ஊர்களின் பெயரைப் பெறுகின்றன. பழவேற்காட்டுப் பெயர்களை அவற்றின் முழுவடிவில், அவ்வூரார் வழங்கும் முறையிலேயே தொகுத்துப் பதிவுசெய்வது இடப்பெயராய்வின் உடனடிப் பணியாகும். கற்பனைத் தீவுகளுக்குப் பெயர் தேடுவோர்க்கும் அத்தொகுப்பே முதல் ஏடாக அமையும்.